அம்மம்மாவைப் போர் பற்றிக் கதைக்க வைக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அம்மம்மாவுக்கு 78 வயது. விசுவமடுவில் இருந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, 2012 இல் ஸ்பொன்சரில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவர். கடைசி மாமா 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் சரணடைந்தவர்; இன்றுவரை தகவல் இல்லை. இங்கே வந்தபிறகு அம்மம்மா உங்களை வளர்த்தார், சமைத்தார், கோயிலுக்குப் போனார், போரைப் பற்றி ஒன்றுமே கதைக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு தாத்தா போய்விட்டார். ஆறு மாதத்துக்கு முன் அம்மம்மா விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அதிலிருந்து இரவில் எழும்பிப் பை கட்டுகிறார், "செல் வருது, பங்கருக்குள்ள வா" என்று உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறார், அரிசியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறார். வீட்டுக்கு வந்த உதவியாளர் ஒருவர் "நடந்ததைச் சொல்லுங்கோ, பாரம் குறையும்" என்றபோது எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். அவரை எப்படிக் கதைக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில், மனவடு மறதி நோயைக் கொண்டுவருமா, இது மரபணுவில் எங்களுக்கும் வந்திருக்குமா என்றும். கடைசி வரியில், ஊருக்கு ஒருமுறை கூட்டிப் போனால் சரியாகுமா என்றும்.

எனக்குக் கேட்பது கொஞ்சம் வேறு. இவ்வளவு வருடம் நன்றாக இருந்தவருக்கு ஏன் இப்போது, இது மறதி நோயா பழைய போரா, நாங்கள் எதையாவது கவனிக்காமல் விட்டோமா, பழைய அம்மம்மா திரும்பி வருவாரா. இதுதான் அடியில் இருக்கிற கேள்வி என்று நினைத்து எழுதுகிறேன். நான் ரொறன்ரோவில் முதியவர்களோடு நீண்டகாலமாக வேலை செய்கிற சமூகப் பணியாளர். வைத்தியர் இல்லை. அம்மம்மாவை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே நோயின் பெயரை இங்கிருந்து சொல்ல மாட்டேன். எது நிச்சயம், எது சந்தேகம், எதை நாளைக் காலையே செய்யலாம் என்பதைச் சொல்ல முடியும். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: அவரைக் கதைக்க வைக்க முயலாதீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அதன்பிறகு அவருடைய நாளை, அவர் கையில் இருக்கிற மாதிரி ஒழுங்கு செய்யுங்கள்.

வைத்தியரை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் வயதானவர் ஒருவர் போரைப் பற்றிப் புலம்பத் தொடங்கினால் எல்லாரும் உடனே மனதைத்தான் பார்க்கிறோம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்கு மூளைக் குழப்பம் வருவது மிகச் சாதாரணம். டெலிரியம் என்பார்கள். திடீரென்று தொடங்கும், நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், இரவில் கூடும், இல்லாததைக் கண்ணில் காட்டும். பெரும்பாலும் சில நாட்களில், சில கிழமைகளில் அடங்கும், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நோவு, தண்ணீர் குறைவு, புதிதாகத் தொடங்கிய குளிசை எதுவும் அதைத் திரும்பக் கிளப்பலாம். ஒரு நாளுக்குள் ஆள் முற்றிலும் மாறினால் அது அவசரம், அன்றைக்கே காட்ட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நித்திரைக்கு என்று லோராசெபாம் வகைக் குளிசை ஏதும் கொடுத்தார்களா என்று பாருங்கள். முதியவர்களுக்கு அந்த வகை விழுதலையும் குழப்பத்தையும் கூட்டும். மனவடுவுக்கும் அது நல்ல மருந்து இல்லை. ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது, வைத்தியர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

மறதி நோயும் பார்க்கப்பட வேண்டும். அதில் பெரும்பாலும் அண்மை நினைவுதான் முதலில் போகிறது. நேற்றுச் சாப்பிட்டது போய்விடும், 2009 நிற்கும். இத்தனை வருடம் மூடி வைக்க உதவிய மூளைப் பகுதிகளும் தளர்வதால் பழையது முன்னுக்கு வருகிறது என்பது நியாயமான விளக்கம். இன்னொரு வகையும் உண்டு, லூயி பாடி மறதி நோய் என்பார்கள். அதில் ஆட்கள், மிருகங்கள் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரியும். நித்திரையில் கனவுக்கு ஏற்றபடி கை கால் அடிப்பார்கள். போர்க் கனவு என்று நாங்கள் விட்டுவிடுவது இதுவாக இருக்கலாம். அந்த நோய் உள்ளவருக்கு ஹாலோபெரிடோல் போன்ற மருந்துகள் ஆபத்து. ஆகவே இரவில் என்ன செய்கிறார், கண் திறந்திருக்கிறதா, கூப்பிட்டால் எழும்புகிறாரா, காலையில் நினைவிருக்கிறதா என்று இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் போனில் ஒரு வீடியோ. காதும் கண்ணும் பார்த்துவிடுங்கள். காது கேட்காதவருக்கு மேல்மாடியில் கதிரை இழுபடுவதும் செல் விழுவதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பார்த்தபிறகும் மிஞ்சுகிறது பழைய போர். ஏன் இப்போது? இதை முதலில் கூர்ந்து கவனித்தவர்கள் யூதப் பேரழிவில் தப்பியவர்களோடு வேலை செய்தவர்கள். அவர்களில் பலர் 1945 க்குப் பிறகு நாற்பது வருடம் கடை நடத்தினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், ஒன்றும் கதைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, துணை இறந்தபிறகு, வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தபிறகு இரவுகள் திரும்பின. இஸ்ரேலில் அவர்களுக்கென 1987 இல் அம்ஹா என்ற அமைப்பு தொடங்கியதும், நம் ரொறன்ரோவிலேயே பேகிரெஸ்ட் முதியோர் நிலையம் 2003 இல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு கைநூல் போட்டதும் இதனால்தான். வியட்நாமில் சண்டையிட்ட அமெரிக்கப் படையினர் முதுமையில் இதே மாதிரி வந்து நின்றபோது அதற்கென்று தனிப் பெயரே வைத்தார்கள். முள்ளிவாய்க்கால் தலைமுறை இப்போதுதான் அந்த வயதுக்குள் நுழைகிறது. உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை.

அந்த அனுபவங்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: வேலையும் பொறுப்பும் துணையும் கூட்டமும் தான் அவர்களைத் தாங்கிப் பிடித்திருந்தன. முதுமை அவற்றை ஒன்றொன்றாக எடுத்தது. உங்கள் அம்மம்மாவின் கணக்கைப் பாருங்கள். வந்த புதிதில் வீட்டில் அவர் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது. நீங்கள் வளர்ந்தீர்கள். தாத்தா போனார். இடுப்பு முறிந்தது, குசினிக்குள் போகாதே என்று எல்லாரும் சொல்கிறீர்கள், அன்பினால்தான். கோயிலுக்குப் போக ஒருவர் கார் எடுக்க வேண்டும். பகல் முழுக்க வெறும் வீட்டில் யன்னலோடு இருக்கிறார். அந்த வெற்றிடத்துக்குள்தான் செல் விழுகிறது. நீங்கள் ஏதும் பிழையாகச் செய்ததால் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஆனால் இதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இனிக் கதைப்பது பற்றி. பாரத்தை இறக்கினால் குறையும் என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் இருக்கிறது, தொழில் தெரிந்தவர்களிடமும். ஒரு கொடிய சம்பவம் நடந்து சில நாட்களுக்குள், ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கிற முறை ஒருகாலத்தில் பெரிதாகப் பரவியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை இன்னும் மோசமாகப் போயிருந்தது. அதற்காகக் கதைப்பதே கேடு என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகப் படித்த ஒருவர், பல அமர்வுகளாக, பிறந்ததில் இருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல வைத்து, நடுவில் கொடிய இடங்களையும் அதே வரிசையில் வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது, வடகிழக்கு இலங்கையிலும் பயன்பட்டது. நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, நல்ல நாட்களுக்குப் பூவும் கெட்ட நாட்களுக்குக் கல்லும் வைத்துத் தொடங்குவார்கள். அகதிகளிடம் அது பயன் தந்ததற்கு நல்ல சான்று உண்டு. 75 வயதைத் தாண்டியவர்களிடம், அதுவும் மறதி தொடங்கியவர்களிடம், சான்று மெலிது. அம்மம்மா தானாக விரும்பி, நினைவு தெளிவாக இருந்து, தமிழில் செய்யக்கூடியவர் கிடைத்தால் யோசிக்கலாம். வீட்டுக்கு வருகிற ஒரு உதவியாளர் தேத்தண்ணி குடித்தபடி செய்கிற காரியம் அது இல்லை.

அம்மம்மா கதவைச் சாத்தியதை நான் நோயின் அறிகுறியாகப் பார்க்கவில்லை. தனக்கு எது கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் செய்யவும் முடிந்திருக்கிறது. இதில் நாம் வெளியே கதைக்கத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது. வன்னியில் இருந்து வந்த முதியவர்கள் எல்லாருடைய மௌனமும் ஒரே பக்கத்தைப் பற்றியது இல்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், வெளியேறப் பார்த்தபோது சுட்டவர்கள் என்று புலிகள் இயக்கத்தைப் பற்றிய நினைவுகளும் அதற்குள் இருக்கலாம். பெண்களுக்கு முகாமிலும் சோதனைச் சாவடியிலும் நடந்தவை இருக்கலாம். யாரிடம் எதைச் சொன்னால் ஊரில் யாருக்கு என்ன ஆகும் என்ற கணக்கை அவர் இன்னும் போடுகிறார். ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பேரப்பிள்ளையை இருத்தாதீர்கள், தெரிந்த குடும்பத்து ஆளையும் வேண்டாம். வைத்தியசாலையிடம் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பெண்ணாகக் கேளுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் அடம் என்று எடுக்காதீர்கள். செட்டிகுளத்தில் பதிவும் விசாரணையும் கையெழுத்தும் என்னவாக இருந்தன என்பது அவருக்குத்தான் தெரியும். இது எதற்கு, யார் பார்ப்பார்கள், போடாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் சொல்லி, ஒரு நாள் யோசிக்க விடுங்கள்.

சரி, கதைக்காமல் என்ன செய்வது? பேகிரெஸ்ட் போன்ற இடங்கள் கண்ட முக்கியமான விஷயம், பராமரிப்பு என்று நாம் செய்கிற சாதாரணக் காரியங்களே பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன என்பது. தலைக்கு மேல் குழாயில் இருந்து தண்ணீர், வரிசையில் நிற்பது, சீருடை, இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பாட்டை நேரத்துக்கு எடுத்துப் போவது எல்லாம் யூத முதியவர்களுக்கு நாஜி முகாமை நினைவூட்டின. நம் முதியவர்களின் பட்டியல் வேறு. வைத்தியசாலை என்றாலே பயப்படுகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 1987 ஒக்டோபரில், தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளர்களையும் ஊழியர்களையும் சுட்டது. 2009 இல் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை போன இடமெல்லாம் செல்லடியும் போனது. இடுப்பு உடைந்து, இங்கிலிஷ் மட்டும் கேட்கிற வார்டில், குழாய்கள் பூட்டிப் படுத்துக்கிடந்த அம்மம்மா எந்த வைத்தியசாலையில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்?

இந்த நகரத்தின் நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். விக்ரோரியா நாள் எப்போதும் மே 18 க்கும் 24 க்கும் இடையில் வருகிற திங்கட்கிழமை. அந்த நீண்ட வார இறுதியில் தெருவெல்லாம் வாணவெடி. அம்மம்மாவுக்கு அது எந்தக் கிழமை என்று சொல்லத் தேவையில்லை. சில வருடங்களில் திங்கள் நேராக 18 ஆம் திகதியிலேயே விழும். ஜூலை முதலாம் திகதி இன்னொரு முறை. செப்டெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் நாள் வார இறுதியில், ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி. போர் விமானங்கள் சில நாட்களுக்கு முன்பே ஒத்திகை பார்க்கும். குண்டு போட்ட கிபிர் விமானத்தின் சத்தம் கேட்ட காதுக்கு அது கண்காட்சி இல்லை. முன்கூட்டியே சொல்லுங்கள்: இன்றிரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள், பத்தரை மட்டில் முடியும், நான் பக்கத்தில் இருப்பேன். யன்னலைச் சாத்தி, நல்லூர் வீதிஉலாவோ தேவாரமோ கொஞ்சம் சத்தமாகப் போட்டுவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதிச் சத்தம்தான்.

இரவில் எழும்பும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். லைட்டைப் போடுங்கள், கட்டிலின் கால்பக்கம், அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "அம்மம்மா, நான் தான். இது கனடா, எங்கட வீடு. எல்லாரும் உள்ளுக்க இருக்கிறம்." நினைவு தெளிவானவருக்கு இது போதும், மெல்லத் திரும்பி வருவார். மறதி தொடங்கியிருந்தால் இடத்தையும் வருடத்தையும் வைத்து வாதாட வேண்டாம். அங்கே செல் விழவில்லை என்று நிரூபிக்கப் போனால் பயம்தான் கூடும். பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: "பயமா இருக்கோ, நான் போகமாட்டன், இதிலேயே இருக்கிறன்." அறையில் மங்கலான விளக்கு ஒன்று விடியும்வரை எரியட்டும். வெளியே இருந்து கதவைப் பூட்டவே வேண்டாம். குளிக்க வார்க்கும்போது ஷவருக்குப் பதிலாக ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் வாளியும் செம்பும் கொடுத்துப் பாருங்கள். கிணற்றில் அள்ளிக் குளித்தவர், செம்பைத் தன் கையில் வைத்திருக்கட்டும்.

அந்தப் பையை அவிழ்க்காதீர்கள். நூறு முறை சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரே காட்டினால் பாருங்கள்: அடையாள அட்டை, உறுதி, மாமாவின் படம், ஒரு சேலை இருக்கும். பத்திரங்களைப் பிரதி எடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, பைக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். பை கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இரவில் தேடி எழும்புவது பலருக்குக் குறைகிறது. அரிசியும் அப்படித்தான். எலி வரும் என்று அள்ளிக் கொட்டினால் திரும்பக் கட்டுவார், இன்னும் ஒளித்து வைப்பார். 2009 மாசியில் இருந்து சித்திரை வரை ஒரு சுண்டு அரிசிக்கு மனிதர் என்ன கொடுத்தார்கள் என்பதை அறிந்த ஒருவர் அரிசி சேமிப்பதில் பைத்தியம் ஒன்றும் இல்லை. மூடி இறுகிய ஒரு தகரம் வாங்கி, அவர் அறையிலேயே வைத்து, வீட்டுக்கு அரிசி அளந்து கொடுக்கிற பொறுப்பை அவரிடம் விடுங்கள். காலையில் "அம்மம்மா, இண்டைக்கு எத்தனை சுண்டு போட" என்று போய்க் கேளுங்கள்.

இந்தக் கடைசிக் காரியத்தில்தான் என் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மீண்டெழும் வலிமையை உருவாக்குவது என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். 78 வயதில் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்தவருக்கு நான் போய் என்ன வலிமையை உருவாக்குவது? யூதப் பேரழிவில் தப்பியவர்களைப் பற்றி 2010 இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவு. தப்பியவர்களிடம் மனவடு அறிகுறிகள் தெளிவாகவே கூடுதலாக இருந்தன. ஆனால் உடல்நலத்திலும் நினைவாற்றலிலும் மற்றவர்களை விடப் பெரிதாகக் குறையவில்லை. தப்பிப் பிழைத்தவர்களே முதலில் வலிமையானவர்களாக இருந்திருக்கலாம் என்ற மறுப்பும் நியாயமானது. எப்படியிருந்தாலும் ஒருவருக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, இரவில் அலறலும் பகலில் தெளிவும். அவரைத் தாங்கியது எது என்று கண்டுபிடித்து, அது விழாமல் முட்டுக் கொடுப்பதுதான் வெளியே இருந்து வருகிற நாம் செய்யக்கூடியது.

ஆகவே ஒரு வீட்டுக்கு முதல் முறை போனால் போரைப் பற்றி நான் ஒன்றும் கேட்பதில்லை. வளவில் என்ன மரம் நின்றது, கிணறு நல்ல தண்ணியா உவரா, எத்தனை மாடு, பொங்கலுக்கு எந்தக் கோயில் என்று கேட்பேன். வற்றாப்பளை என்று சொன்னால் அரை மணித்தியாலம் போகும். மிளகாய்த்தூள் யார் இடிப்பது என்று கேட்டால் அந்த வீட்டின் அதிகாரம் யாரிடம் என்று தெரிந்துவிடும். இந்தக் கதைகளுக்கு நடுவில் தானாக ஒரு பெயர், ஒரு பங்கர், ஒரு நாள் வந்து போகும். வந்தால் கேட்டுக்கொண்டு இருப்பேன், பிடித்து இழுக்க மாட்டேன். அப்புறம் பார்ப்பது, கிழமையில் ஒரு நாளாவது தன் வயதொத்த, தன் ஊர் வழக்கில் கதைக்கிற ஆட்களோடு இருக்க வழி உண்டா என்பது. யூத முதியவர்களுக்குப் பல நகரங்களில் கஃபே யூரோப்பா என்ற பெயரில் கூட்டம் நடக்கிறது. சாப்பாடு, பாட்டு, அரட்டை. சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் விளக்கம் சொல்லாமலே விளங்குகிறவர்கள் சுற்றி இருக்கிறார்கள். ஸ்காபரோவில் தமிழ் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. போக வர வாகனம்தான் பெரும்பாலும் தடை. அதற்கு ரொறன்ரோ போக்குவரத்துச் சபையான ரிரிசியின் வீல் ட்ரான்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

காசையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கனடாவில் இருந்த, 65 வயது தாண்டிய ஒருவருக்கு முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு பங்காவது கிடைக்கும். 2012 இல் வந்தவருக்கு அந்தக் காலம் கழிந்துவிட்டது. அது வருகிறதா, அவர் பெயரிலான கணக்கில் விழுகிறதா, அதில் கொஞ்சமாவது அவர் கையால் செலவழிகிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் முதியவரின் பயம் முழுவதும் பழைய பயம் இல்லை. கீழ் அறையில் தனியே விடப்படுவது, காசைப் பிடுங்குவது, கத்துவது என்று இன்றைக்கு நடப்பதும் உண்டு. உங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் யாரோடு இருக்கும்போது பதற்றம் கூடுகிறது என்று அந்தக் கொப்பியில் அதையும் எழுதுங்கள். "செத்தால் நல்லது" என்று சொன்னால், சும்மா சொல்கிறார் என்று விடாமல், சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. ஆம் என்றால் அன்றைக்கே உதவி. கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988 க்கு அழைக்கலாம்.

மாமாவின் விஷயம் தனி. இறந்தவருக்கு அழலாம், அந்தியேட்டி செய்யலாம், ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்கலாம். காணாமற்போன மகனுக்குத் தாய் எதைச் செய்வார்? பல தாய்மார் பிறந்த நாளில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறார்கள், உயிரோடு இருப்பவருக்குச் செய்வது போல. பாலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வியட்நாமில் காணாமற்போன படையினரின் குடும்பங்களில் இருந்து தொடங்கி, வாழ்நாள் முழுவதும் இந்த வகை இழப்பைப் பற்றி எழுதியவர். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தள்ளுவதே பிழை, இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கப் பழகுவதே முடியக்கூடியது என்கிறார். நான் பார்த்த தாய்மாரிடம் அது பொருந்துகிறது. 2016 இல் இலங்கையில், இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் பதிகிற சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. காணாமற்போனோர் அலுவலகம் 2018 இல் வேலை தொடங்கியது. 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போன பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுத் தெருவோரம் குந்திய பெற்றோரில் பலர் பதில் இல்லாமலே இறந்துபோனார்கள். வீட்டில் யாராவது மரணச் சான்றிதழ், நட்டஈடு என்று அம்மம்மாவிடம் கையெழுத்துக் கேட்டிருந்தால், அது எப்போது நடந்தது, இரவுகள் எப்போது கூடின என்று பாருங்கள். தாத்தா போனபிறகு மாமாவுக்காகக் காத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்ற எண்ணமும் இருக்கலாம். அர்ச்சனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று மாமாவின் பெயரைச் சொல்லுங்கள்.

சந்தேகமானவற்றில் இரண்டு. மனவடு மறதி நோயைக் கொண்டுவருமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க முன்னாள் படையினர் 1,80,000 பேருக்கு மேல் வைத்து 2010 இல் வந்த ஆய்வில், மனவடு நோய் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுதான் காரணமா, அல்லது நித்திரையின்மை, குடி, தலைக்காயம் போன்றவை இரண்டுக்கும் பொதுவாக நிற்கின்றனவா என்பது தீரவில்லை. அந்தப் படையினர் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். உங்கள் அம்மம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மற்றது, இது மரபணுவில் எங்களுக்கும் வந்திருக்குமா என்பது. யூடியூபில் பெரிதாக ஓடுகிற செய்தி. அடிப்படையான மனித ஆய்வுகள் மிகச் சிறியவை. வீட்டில் யார் எதற்குப் பயப்பட்டார்கள், எதைக் கதைக்கவே கூடாது என்று இருந்தது என்பவற்றின் வழியாகப் பிள்ளைகளுக்குப் போவது கண்ணால் பார்க்கக்கூடியது. அதற்கு மரபணு தேவையில்லை.

பழைய அம்மம்மா திரும்பி வருவாரா? குழப்பம் உடல் காரணத்தால் என்றால் பெரும்பகுதி வரக்கூடும். மறதி நோய் என்றால் அது முன்னுக்குத்தான் போகும், ஆனால் பயம் குறைந்த நாட்கள் சாத்தியம். போர் மட்டும் என்றால், இரவுகள் முற்றாக நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இடைவெளி கூடுவதையும், எழும்பினாலும் சீக்கிரம் அடங்குவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பயணத்துக்கு வருகிறேன். போய் வந்து நிம்மதியானவர்களும் உண்டு, போய் வந்தபிறகு மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தவர்களும் உண்டு. போவதற்கு முன் சிலதைத் தெரிந்துகொள்ளுங்கள். காணி யார் கையில், வீடு நிற்கிறதா, வேறு யாராவது குடியிருக்கிறார்களா, மரங்கள் மிஞ்சினவா. இதைப் படம் எடுத்து அனுப்ப ஒருவரைக் கேட்டு, அந்தப் படத்தை இங்கே வைத்தே அம்மம்மாவுக்குக் காட்டுங்கள். அங்கே போய் முதல் முறை காண்பதை விட உங்கள் குசினி மேசையில் காண்பது மேல். மே மாதத்தில் போக வேண்டாம். இடுப்பு நன்றாக ஆறி, குழப்பம் இல்லாத மூன்று மாதமாவது கழியட்டும். நீண்ட விமானப் பயணமும் நேர மாற்றமுமே இந்த வயதில் ஆளைக் குழப்பும். நேராக விசுவமடுவுக்குப் போகாமல், அவருக்குப் பிடித்த ஒரு உறவுவீட்டில் சில நாள் தங்குங்கள். அங்கே இருந்து போய்ப் பார்ப்பதா, எவ்வளவு நேரம் நிற்பது, வட்டுவாகல் பாலம் வழியாகப் போவதா வேண்டாமா என்பதை அன்றன்று அவர் சொல்லட்டும். வான்காரரிடம் நாளை மாற்றக்கூடிய மாதிரிக் கதைத்து வையுங்கள். இதையெல்லாம் ஒழுங்கு செய்வதற்கு முன், போக விருப்பமா என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் நீண்ட கேள்வியில் அது மட்டும் இல்லை.